வந்தவருக்காகச் செய்த பண்டம்: ஜியாவ்ட்சு, சியாவ்லோங்பாவ், மரபு குறித்து ஒரு கேள்வி

கேள்வி

சீனாவுக்குப் போய்வந்தவர்களின் பயணக் குறிப்புகளில் ஒரு குறை திரும்பத் திரும்ப வருகிறது. ஷாங்காயில் யூயுவான் தோட்டத்துக்குப் பக்கத்தில் வரிசையில் நின்று ஒரு மூங்கில் தட்டுச் சியாவ்லோங்பாவ் வாங்கிச் சாப்பிட்டிருப்பார்கள். நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் "இது வெளியூர்க்காரருக்கென்று செய்வது, உள்ளூர் மக்கள் உண்ணும் அசல் பண்டம் வேறெங்கோ ஒரு சந்தில் இருக்கிறது" என்ற உறுத்தலோடு திரும்பியிருப்பார்கள். இந்த உறுத்தல் ஒரு முன்முடிவிலிருந்து பிறக்கிறது: ஊராருக்காகச் செய்வது மரபு, வந்துபோகிறவருக்காகச் செய்வது அதன் நகல்.

இக்கட்டுரை அந்த முன்முடிவைச் சோதித்துப் பார்க்கிறது. மாவுச் சொப்புக்குள் பூரணம் வைத்து மூடும் பண்டங்கள் சீனத்தில் எண்ணற்றவை. இங்கே இரண்டை மட்டும் முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, வடக்கே கொதிநீரில் வேகும் ஜியாவ்ட்சு. மற்றொன்று, யாங்ட்சி ஆற்றின் கழிமுகப் பகுதியில் ஆவியில் வேகும், உள்ளே சாறு தங்கிய சியாவ்லோங்பாவ். வெளியூர்க்காரர் இரண்டையும் ஒரே வகைப் பண்டமாகப் பார்க்கிறார். ஆனால் அவை பிறந்த விதமும் பயணியோடு அவற்றுக்கு உள்ள உறவும் வெவ்வேறு. அந்த வேறுபாடு புலப்பட்டால், மேற்சொன்ன உறுத்தலில் பாதிக்கு இடமில்லை என்பதும், மீதிப் பாதி வேறிடத்தில் எழ வேண்டியது என்பதும் விளங்கும்.

இதுவரை சொல்லப்பட்டவை

சுற்றுலாவில் அசல் எது என்ற விவாதத்துக்கு அடித்தளமிட்டவர் சமூகவியலாளர் டீன் மெக்கானெல். பயணி ஓர் ஊரின் அன்றாட வாழ்வை, அதன் பின்கட்டைப் பார்க்க விரும்புகிறார். ஊரோ பின்கட்டைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு முன்கட்டை அவருக்காக அமைத்துத் தருகிறது. 1973இல் அவர் முன்வைத்த இக்கருத்து இன்றும் பயன்படுகிறது. பத்தாண்டுகள் கழித்து, 1983இல், எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் தொகுத்த நூல், தொன்மையானவை என்று நம்பப்படும் பல மரபுகள் அண்மைக் காலத்தில் உருவாக்கப்பட்டவை என்று காட்டியது. சீன உணவுக்கென்றே 1977இல் கே. சி. சாங் தொகுத்த நூலும், 1988இல் வந்த ஆண்டர்சனின் நூலும் இருக்கின்றன. கோதுமையும் தினையும் விளையும் வடக்கு, நெல் விளையும் தெற்கு என்ற பிரிவை மனத்தில் வைத்துக்கொண்டு உணவு வரலாற்றைப் படிக்க இவை கற்றுத்தந்தன.

இவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. இருந்தும், மெக்கானெலின் சட்டகம் வீடு முதலில், மேடை பிறகு என்று வைத்துக்கொள்கிறது. மேடையிலேயே பிறந்த ஒரு பண்டத்தை அதில் எங்கே வைப்பது? சியாவ்லோங்பாவ் அப்படிப்பட்ட பண்டம் என்றே எனக்குப் படுகிறது.

வண்டி ஏறும்போது ஜியாவ்ட்சு

முதலில் வடக்கு. ஜியாவ்ட்சுவின் இடம் வீடு. சந்திரப் புத்தாண்டுக்கு முந்தைய இரவில் குடும்பம் முழுவதும் மேசையைச் சுற்றி உட்காரும். ஒருவர் சிறு கட்டையால் மாவை வட்டமாகத் தேய்ப்பார், மற்றவர்கள் பூரணம் வைத்து மூடுவார்கள். ஒன்றிரண்டில் நாணயம் ஒளிந்திருக்கும்; அது யாருடைய கிண்ணத்தில் விழுகிறதோ அவருக்கு வரும் ஆண்டு நல்லது. 1983இலிருந்து மத்தியத் தொலைக்காட்சியின் புத்தாண்டு இரவு நிகழ்ச்சியும் இந்த மேசையின் ஒரு பகுதியாகிவிட்டது. உண்பதைப் போலவே மூடுவதும் இங்கே சடங்கு. பலர் கைவைக்காத ஜியாவ்ட்சுவை அந்த இரவுக்குரியதாக யாரும் எண்ணுவதில்லை.

இதே பண்டத்துக்குப் பயணத்தோடும் நெருங்கிய தொடர்பு உண்டு. வண்டி ஏறுகிறவருக்கு ஜியாவ்ட்சு, வண்டி இறங்குகிறவருக்கு நூடுல்ஸ் என்பது வட சீன வழக்கு. வண்டிக்குப் பதில் குதிரை வரும் வடிவமும் புழக்கத்தில் இருக்கிறது. ஊரைவிட்டுப் போகிறவர் விளிம்பு முழுதும் மூடிய பண்டத்தை உண்டு, குறைவின்றிப் போய்வர வேண்டும். திரும்பி வந்தவர் நீண்ட இழைகளை உண்ண வேண்டும், அவை அவர் காலைக் கட்டி ஊரில் நிறுத்தும். இப்படித்தான் மக்கள் விளக்கம் தருகிறார்கள். விளக்கம் பிற்காலத்தில் சேர்ந்ததாக இருக்கலாம், ஆனால் வழக்கம் உயிரோடு இருக்கிறது. இதில் ஊன்றிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஜியாவ்ட்சு வழியனுப்பும் உணவு. வந்தவரை எதிர்கொள்ளும் உணவாக வழக்கம் குறிப்பது நூடுல்ஸை. வட சீன நகரம் ஒன்றில் காலையில் வந்திறங்கி முதல் வேளையாக ஜியாவ்ட்சு தேடும் வெளிநாட்டுப் பயணி, தன்னை அறியாமல் அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறார். அதில் தவறொன்றுமில்லை. ஆனால் வீட்டு மரபின் எந்த முனையில் தான் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஜியாவ்ட்சுக் கடைகளும் பழையவையே. ஷென்யாங் நகரின் லாவ்பியான் கடை 1829இல் தொடங்கியதாக அறியப்படுகிறது. பச்சை இறைச்சியை வைக்காமல் முதலில் வதக்கிப் பூரணமாக்குவது அதன் முறை. வடக்கத்திக் கடைகள் பலவற்றில் விலையை எண்ணிக்கைக்குச் சொல்வதில்லை, எடைக்குச் சொல்கிறார்கள். ஒரு லியாங் என்பது 50 கிராம். அது தட்டில் வரும் பண்டத்தின் எடையன்று, அதற்குச் செலவான மாவின் எடை. விவரம் அறியாமல் பத்து லியாங் கேட்டுவிட்டால் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஜியாவ்ட்சு வந்து நிற்கும்.

மாவை வைத்துக் கணக்கிடும் இம்முறையைப் பங்கீட்டுக் காலம் இறுகப் பிணைத்தது. 1955இலிருந்து 1993 வரை சீன நகரங்களில் தானியச் சீட்டு இல்லாமல் உணவகத்தில் ஜியாவ்ட்சுவோ நூடுல்ஸோ வாங்குவது கடினம். பணத்தோடு, அந்த உணவில் சேர்ந்த தானிய அளவுக்குச் சீட்டும் கொடுக்க வேண்டும். ஒரு மாகாணத்துச் சீட்டு மற்றொரு மாகாணத்தில் செல்லாது. வேலை நிமித்தம் வெளியூர் போகிறவர் அலுவலகக் கடிதத்தைக் காட்டி, உள்ளூர்ச் சீட்டை நாடு முழுதும் செல்லும் சீட்டாக மாற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். அந்தச் சீட்டு கையில் இல்லாத பயணி, கொதிக்கும் அண்டாவுக்கு முன்னால் பணத்தோடு நின்றாலும் பசியோடுதான் நிற்பார். சீனாவில் ‘பாரம்பரிய’ உணவைப் பயணத்தில் அனுபவிப்பது என்று இன்று இயல்பாகப் பேசுகிறோம். மிகப் பெரும்பாலான சீனர்களுக்கு அந்த இயல்பு கிடைத்துச் சில பத்தாண்டுகளே ஆகின்றன. அசல் பற்றிய எந்த ஆய்வும் இந்த வரலாற்றைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்று நினைக்கிறேன்.

தோட்டத்துக்கு வந்தவர்கள்

நான்சியாங் இன்று ஷாங்காயின் ஜியாதிங் மாவட்டத்தில் அடங்கிய ஊர்; மெட்ரோவின் 11ஆம் தடத்தில் போய்விடலாம். அங்கே மிங் காலத்தில் அமைந்த கூயி தோட்டம் இருக்கிறது. ஏரியும் மூங்கில் புதரும் மண்டபங்களுமாக, பொழுதுபோக்க வருகிறவர்களை ஈர்த்த இடம். பரவலாக ஏற்கப்படும் வரலாற்றின்படி, ஹுவாங் மிங்சியான் என்ற கடைக்காரர் 1871இல் தோட்டத்துக்கு வருகிறவர்களிடம் இறைச்சி வைத்த பெரிய மாவுருண்டைகளை விற்றுவந்தார். வியாபாரம் சூடுபிடித்ததும் மற்றவர்களும் அதையே செய்யத் தொடங்கினார்கள். போட்டியைச் சமாளிக்க அவர் உருண்டையைச் சிறிதாக்கினார், சொப்பை மெல்லியதாக்கினார், பூரணத்தைக் கூட்டினார். இன்று நாம் அறியும் வடிவம் இந்த மூன்று மாற்றங்களின் விளைவு.

ஒரு தனிமனிதரை மூலவராக்கும் கதைகளை வரலாற்று மாணவர் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். அண்டை ஊர்களில் ஒத்த பண்டங்கள் இருந்தன. வூசி நகரத்துச் சியாவ்லோங் இனிப்பு தூக்கலாக, தனக்கென்று ஒரு வழியில் வளர்ந்திருக்கிறது. ஆனால் ஹுவாங்கின் பெயரை நீக்கிவிட்டாலும், கதையின் பொருளியல் பக்கம் நம்பும்படியாகவே இருக்கிறது. தோட்டம் பார்க்க வருகிறவர்கள் வயிறு நிரம்பச் சாப்பிட வருவதில்லை, தேநீருக்கு நடுவே சிறிதாக ஒன்றைக் கொறிக்க விரும்புவார்கள். பெரிய உருண்டை சிறிதானதற்கு இதைவிட நேரான காரணம் வேண்டியதில்லை.

1900இல் நான்சியாங்கைச் சேர்ந்த வூ சியாங்ஷெங் இப்பண்டத்தை ஷாங்காய் நகரத்துக்குக் கொண்டுவந்து, யூயுவான் தோட்டத்தை ஒட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தருகே கடை போட்டார். இன்றைய ‘நான்சியாங் மாண்டோ கடை’யின் தொடக்கம் அதுதான். இடத்தேர்வைப் பாருங்கள். நகரத் தெய்வத்தின் கோயில், அதை ஒட்டிய சந்தை, தோட்டம், குளத்து நடுவில் தேநீர் மண்டபம். கோயிலுக்கும் சந்தைக்கும் வந்துபோகிற கூட்டம் நிறைந்த இடம் அது. ஆக, கூயி தோட்டத்து வாசலிலும் சரி, யூயுவான் தோட்டத்து வாசலிலும் சரி, சியாவ்லோங்பாவ் வந்துபோகிறவரை நம்பியே வாழ்ந்திருக்கிறது. யூயுவானில் வரிசையில் நிற்கும் பயணி, ஓர் உள்ளூர் மரபைக் கெடுக்க வந்தவர் ஆகமாட்டார். அந்தப் பண்டம் தொடக்கத்திலிருந்து யாருக்காகச் செய்யப்பட்டதோ, அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தவர் அவர்.

செய்முறையும் இதையே உறுதிசெய்கிறது. உள்ளே இருக்கும் சாறு ஊற்றி வைத்ததன்று. பன்றித்தோலை நெடுநேரம் கொதிக்கவைத்து, அதிலிருந்து இறங்கும் பசைப்புரதத்தோடு நீரை ஆறவைத்தால் கட்டியாக உறையும். உறைந்ததைப் பொடியாகக் கொத்தி இறைச்சியோடு பிசைந்து உள்ளே வைக்கிறார்கள். மனித உடலின் வெப்பத்தை நெருங்கும்போதே அது உருகத் தொடங்கிவிடும். ஆவித்தட்டில் ஏறிய சில நிமிடங்களில் முழுதும் நீராகிவிடும். நான்சியாங் முறையில் மாவைப் புளிக்கவைப்பதில்லை. புளித்த மாவு சாற்றை உறிஞ்சிக்கொள்ளும் என்பதே காரணம். தட்டிலிருந்து இறக்கியதும் சற்றுப் பொறுத்து, மிக ஆறுவதற்குள் உண்டுவிட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிறகு உண்ணலாம் என்றால் சொப்பு ஒட்டிக்கொண்டு கிழியும், சாறு மறுபடி இறுகும். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உண்பவருக்காகவே அமைந்த நுட்பம் இது. ஜியாவ்ட்சு அப்படியில்லை, குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கில் செய்து, வடகிழக்கின் உறைபனியில் வெளியே வைத்துச் சேமிப்பார்கள், வேண்டும்போது வேகவைப்பார்கள்.

பழமை எதற்குச் சான்று?

பயணிகளுக்கு அச்சிட்டுத் தரும் குறிப்புகளில் பெரும்பகுதியைத் தொன்மக் கதைகள் பிடித்துக்கொள்கின்றன. ஜியாவ்ட்சுவை உருவாக்கியவர் ஹான் காலத்து மருத்துவர் சாங் சோங்ஜிங் என்பது அவற்றுள் புகழ்பெற்றது. குளிரில் காது வெடித்த ஏழைகளுக்கு ஆட்டிறைச்சியும் மருந்துச்சரக்கும் மிளகாயும் சேர்த்துக் காது வடிவில் மூடிக் கொடுத்தாராம். அவர் வாழ்ந்தது இரண்டாம், மூன்றாம் நூற்றாண்டுகளில். மிளகாய் சீனாவுக்கு வந்ததோ 16ஆம் நூற்றாண்டில். அவருடைய மருத்துவ நூலிலும் இச்செய்தி இல்லை. கதை பிற்காலத்தது என்று முடிவுகட்ட இவையே போதும்.

உறுதியான சான்று வேறிடத்தில் இருக்கிறது. சின்ஜியாங்கின் துர்ஃபான் அருகே அஸ்தானா கல்லறைகளில், தாங் காலத்து ஜியாவ்ட்சு காய்ந்துபோன நிலையில் கிடைத்தது. பாலைவன வறட்சி அதைக் காப்பாற்றியிருக்கிறது. பிறை வடிவம், விளிம்பில் அழுத்திய தடம் என்று பார்த்தவுடன் இன்றைய பண்டமாகவே தெரிகிறது. ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன், பட்டுச்சாலையின் ஒரு சோலை நகரத்தில் அது இருந்திருக்கிறது. கோதுமையே மேற்காசியாவிலிருந்து வந்த தானியம் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், ‘தூய சீனத் தொன்மை’ என்ற பேச்சுக்கு அதிக இடமில்லை.

சியாவ்லோங்பாவுக்கும் இன்னும் பழைய வேர் தேடுகிறார்கள். கைஃபெங் நகரம் 1127இல் வீழ்ந்தபின் அதன் நினைவுகளை மெங் யுவான்லாவ் 1147இல் எழுதிமுடித்தார். அந்நூலில் வாங் என்பவரின் மாளிகைக்கடைப் பாவ்ட்சு (பூரணம் வைத்து ஆவியில் வேகவைக்கும் மாவுருண்டை) ஒன்றின் பெயர் வருகிறது. அதுவே சாறு நிறைந்த பாவ்ட்சுவின் முன்னோடி, தெற்கே குடிபெயர்ந்தவர்களோடு யாங்ட்சி கழிமுகத்துக்கு வந்தது என்று வாதிடுவோர் உண்டு. குடிபெயர்வு உண்மை. ஆனால் கிடைப்பது ஒரு பெயர் மட்டும். அதற்குள் சாறு இருந்ததாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. கவர்ச்சியான ஊகம் என்பதற்கு மேல் இதை உயர்த்த நான் தயாரில்லை.

அரசும் பழமைக்கு முத்திரை குத்துகிறது. சீன வணிக அமைச்சகம் 2006இல் ‘பழம்பெயர்க் கடை’ என்ற தகுதியை வழங்கத் தொடங்கியபோது, 1956க்குள் தொடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. 2023இல் அது ஐம்பதாண்டு என்று மாறியது. முத்திரை வயதைச் சொல்லும், அடுப்பில் இன்று நடப்பதைச் சொல்லாது. தியான்ஜினில் 1858இல் தோன்றியதாக அறியப்படும் கோவ்புலி பாவ்ட்சுவின் பெய்ஜிங் வாங்ஃபூஜிங் கிளை, 2020 செப்டம்பரில் ஒரு விமர்சனக் காணொளியை எதிர்த்துப் புறப்பட்டுப் பெரும் கண்டனத்துக்கு ஆளானது. தலைமை நிறுவனம் அக்கிளையோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. நூற்றறுபது ஆண்டுப் பெயர் அந்தத் தட்டைக் காப்பாற்றவில்லை.

அளக்க முடிந்ததும் முடியாததும்

வயதுக்குப் பதிலாகக் கைத்திறனை அளந்தால் என்ன? ஷாங்காயில் வாழ்ந்த உணவு எழுத்தாளர் கிறிஸ்டஃபர் செயின்ட் கேவிஷ் 2015இல் இதைச் செய்தே பார்த்தார். நகரின் 52 கடைகளுக்குத் தராசும் தடிப்புமானியும் எடுத்துப்போய், பூரணத்தின் எடையையும் சாற்றின் எடையையும் கூட்டி, சொப்பின் தடிமனால் வகுத்து, நூறால் பெருக்கிக் கடைகளைத் தரவரிசைப்படுத்தினார். சிலருக்கு இது விளையாட்டாகத் தோன்றலாம். எனக்கு இது மதிப்புக்குரிய முயற்சி. ஹுவாங் செய்ததாகச் சொல்லப்படும் மாற்றங்களும் இவைதானே: மெல்லிய சொப்பு, கூடுதல் பூரணம். மரபு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட அளவுகோலைக் கொண்டே அவர் மரபை அளந்தார். சுவை அந்தச் சூத்திரத்தில் இல்லை. இறைச்சியின் தரமும் இல்லை. அது அதன் எல்லை.

அளவை அடுக்களைக்குள்ளேயே கொண்டுபோனது தைப்பேயின் டின் தாய் ஃபங். ஷான்சி மாகாணத்தில் பிறந்து தைவானுக்கு வந்த யாங் பிங்யி 1958இல் தொடங்கியது சமையல் எண்ணெய்க் கடை. எண்ணெய் வியாபாரம் படுத்ததால் 1972இல் சியாவ்லோங்பாவ் விற்கத் தொடங்கினார். இன்று அக்கடையின் விதி உலகறிந்தது: 5 கிராம் சொப்பு, 16 கிராம் பூரணம், 18 மடிப்பு. செய்கிறவர்களைக் கண்ணாடிக்கு வெளியே நின்று யாரும் பார்க்கலாம். மெக்கானெல் சொன்ன பின்கட்டே இங்கே முன்கட்டாகிவிட்டது என்று குறைசொல்ல இடமுண்டு. ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் நடப்பது உண்மையான வேலை. பார்க்கிற கண்கள் இருப்பதால் கை சோம்பலாவதில்லை என்றே எண்ணத் தோன்றுகிறது. சியாவ்லோங் பிறந்த ஊரோடு பிறப்பால் தொடர்பில்லாத ஒருவர், பிழைப்புக்காக எடுத்த தொழில், பல நாடுகளுக்கு இப்பண்டத்தை ஒரே தரத்தில் கொண்டுசேர்த்திருக்கிறது.

இதற்கு எதிர்நிலையில் சியான் நகரத்து ஜியாவ்ட்சு விருந்தை வைக்கலாம். 1936இல் தொடங்கிய தஃபாசாங் கடை, சுடுமண் படைவீரர்களைப் பார்க்க உலகம் திரண்டுவரத் தொடங்கியபின், 1980களில் இவ்விருந்தை உருவாக்கியது. வாத்து, மீன், பூ என்று வடிவத்துக்கு ஒன்றாக ஜியாவ்ட்சு வரிசையாக வரும். விரல் நுட்பம் வியக்கத்தக்கது. ஆனால் ஜியாவ்ட்சுவின் இயல்பு தட்டு நிறையக் குவிந்திருப்பது, எல்லோரும் அள்ளிப் போட்டுக்கொள்வது, கடைசியில் அது வெந்த நீரையே கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பது. விருந்தில் இவை விலகிப்போகின்றன. வந்தவருக்காகச் செய்ததால் சியாவ்லோங்பாவ் எதையும் இழக்கவில்லை, ஜியாவ்ட்சு இழக்கிறது. அதே சியானின் முஸ்லிம் குடியிருப்பில் ஜியா சான் கடை, ஹூய் மக்களின் முறையில் மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் வைத்துச் சாறு நிறைந்த பாவ்ட்சு செய்கிறது. ஹலால் உணவு தேடும் தமிழ் முஸ்லிம் பயணிக்கு அது சமரசம் இல்லை, அங்கே அதுவே உரிய மரபு. சைவ உணவினர் முட்டை சேர்ப்பவரானால், ஜியூத்சாய் என்ற பூண்டு வாசத் தழையும் முட்டையும் வைத்த ஜியாவ்ட்சுவைக் கேட்கலாம். வடக்கே எந்த வீட்டிலும் செய்வது. புத்த மடங்களில் அத்தழையைச் சேர்ப்பதில்லை, அங்கே காளானும் முட்டைக்கோசும் கிடைக்கும்.

முடிவும் ஒரு வேண்டுகோளும்

சான்றுகளை நிறுத்துப் பார்த்தால் தீர்ப்பு இதுதான். சியாவ்லோங்பாவைப் பொறுத்தவரை ‘சுற்றுலாப் பயணிக்கானது’ என்பது குற்றச்சாட்டாக நிற்காது. அங்கே கேட்க வேண்டியது சொப்பு மெல்லியதா, சாறு தெளிந்ததா, இப்போதுதான் மடித்ததா என்ற கேள்விகளை மட்டும். ஜியாவ்ட்சுவைப் பொறுத்தவரை அந்த உறுத்தல் நியாயமானது. ஆனால் அதற்கு விடை சந்துக்கடையிலும் இல்லை, ஒரு வீட்டு மேசையில் இருக்கிறது. அழைப்பு இருந்தால்தான் அங்கே போக முடியும்.

நான்சியாங் சியாவ்லோங் செய்முறையைச் சீன அரசு 2014இல் தேசிய மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்தது. பட்டியல் பண்டத்தைக் காப்பதாகச் சொல்கிறது. அதிகாலையில் வந்து நாள் முழுதும் மடிக்கிறவர்களின் கையை எழுதிவைக்க வேண்டியது எழுத்தாளர்களின் வேலை. தமிழில் பயணநூல் எழுதுகிறவர்களை நான் கேட்டுக்கொள்வது இது: சாங் சோங்ஜிங் கதையை இன்னொரு முறை சொல்ல வேண்டாம். மாவைப் பிசைந்தவர் எவ்வளவு நேரம் ஊறவிட்டார், எத்தனை மடிப்பு வைத்தார், எந்த ஊரிலிருந்து வந்து யாரிடம் கற்றார் என்று கேட்டு எழுதுங்கள்.